வன்னியில் கடை வைத்திருப்பவருக்கு வர்த்தகர் சங்கத்தால் என்ன பிரயோசனம்?

கேள்வி இதுதான். முல்லைத்தீவுப் பக்கம் புதிதாகப் பலசரக்குக் கடை போட்ட ஒருவரிடம் ஊர் வர்த்தகர் சங்கத்து ஆட்கள் வந்து, சேரச் சொல்லிப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். "சந்தா கட்டினால் எனக்கு என்ன கிடைக்கும்? ஹர்த்தாலுக்குக் கடையைப் பூட்டச் சொல்வதைத் தவிர இவர்கள் வேறு என்ன செய்கிறார்கள்? ஊருக்காவது ஏதும் பிரயோசனம் உண்டா?" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. நான் வன்னிக் கடைகளுக்குக் கணக்கெழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவன். கூட்ட அறிக்கை எழுதித் தரச் சொல்லிச் சங்கங்கள் கூப்பிட்டால் போய் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். நல்லாய் நடக்கிற சங்கமும் பார்த்திருக்கிறேன், பெயர்ப்பலகையோடு நிற்கிற சங்கமும் பார்த்திருக்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், சேருங்கள். ஆனால் யாப்பையும் கணக்கையும் கேட்டுப் பார்த்துவிட்டுச் சேருங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இது என்ன வகை அமைப்பு என்பது தெரிந்திருக்க வேண்டும். உலகத்தில் வர்த்தக மன்றங்கள் இரண்டு விதம். 1599-இல் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் தொடங்கியதைத்தான் முதலாவது மன்றம் என்பார்கள். அந்த வழியில் வந்த பிரான்ஸ், ஜேர்மனி போன்ற நாடுகளில் மன்றம் சட்டத்தால் உருவானது. தொழில் செய்கிறவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அதில் உறுப்பினர். பிரித்தானிய வழி வேறு, அங்கே விரும்பினால் சேரலாம். நம்முடையது அந்த இரண்டாவது வழி. 1839-இல் கொழும்பில் தொடங்கிய இலங்கை வர்த்தக சம்மேளனம் பெருந்தோட்ட, ஏற்றுமதிக் கம்பனிகளின் வீடு. 1973-இல் மாவட்ட மன்றங்களையும் துறைசார் சங்கங்களையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவரக் கூட்டமைப்பு ஒன்று உருவானது. இவற்றுக்கெல்லாம் கீழே, சந்தையடியில், உங்களிடம் படிவம் நீட்டிய ஊர் வர்த்தகர் சங்கம் இருக்கிறது. மாவட்ட மன்றம் கண்காட்சி, பயிற்சி, ஏற்றுமதி, முதலீடு என்று பேசும். ஊர்ச் சங்கம் வாய்க்கால், வாடகை, திரும்பி வந்த செக் என்று பேசும். இரண்டும் வேண்டும். இப்போதைக்கு உங்களுக்கு ஊர்ச் சங்கம்தான் முக்கியம்.

விரும்பினால் சேரும் அமைப்பு என்பதால் அதற்கு அதிகாரம் எதுவும் கிடையாது. தண்டம் விதிக்க முடியாது, ஒரு கடையை மூட வைக்கவும் முடியாது. அதிகாரமில்லாத இந்த அமைப்பு பிறகு எதைத்தான் செய்கிறது? கடையை விட்டு அசைய முடியாதவருக்காக அலுவலகப் படி ஏறுகிறது. பெரும்பாலும் இவ்வளவுதான். கேட்கச் சின்னதாக இருக்கும். தனி ஆளாகக் கடை நடத்திப் பாருங்கள், அதன் விலை தெரியும்.

உங்கள் கடைக்கு எத்தனை அலுவலகத்தோடு உறவு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வியாபாரப் பெயர்ப் பதிவுக்குக் கிராம சேவகரின் கையெழுத்தோடு பிரதேச செயலகம். வருடா வருடம் வியாபார உரிமத்துக்குப் பிரதேச சபை. சாப்பாட்டுச் சாமான் விற்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். அரைவை மில்லோ தச்சுப்பட்டறையோ என்றால் சுற்றாடல் பாதுகாப்பு உரிமமும் தேவைப்படலாம். வேலைக்கு ஒரு பெடியனை வைத்தால் தொழில் திணைக்களம்: சம்பளத்தில் அவனிடம் 8 வீதம், உங்களிடம் 12 வீதம் ஊழியர் சேமலாப நிதிக்கு, அதற்கு மேல் 3 வீதம் நம்பிக்கை நிதிக்கு. விலைப் பட்டியல் தொங்கவிடவில்லை என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை. 2021-இல் அந்தச் சட்டத்தைத் திருத்திய பிறகு, கட்டுப்பாட்டு விலைக்கு மேல் விற்று அகப்பட்டால் தனி வியாபாரிக்குக் குறைந்தபட்சத் தண்டமே ஒரு இலட்சம் ரூபா. சின்னக் கடைக்கு அது ஒரு மாத வியாபார இலாபத்தையும் தாண்டிப் போகும்.

இதில் நான் நேரில் பார்த்த ஒரு விஷயம் தராசு முத்திரை. நிறுவை அளவைகளை வருடத்துக்கு ஒருதடவை சரிபார்த்து முத்திரை குத்த வேண்டும் என்பது சட்டம். அதற்கான உத்தியோகத்தர்கள் குறித்த நாளில் பிரதேச செயலகத்துக்கு வருவார்கள். அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு, தராசையும் படிக்கற்களையும் சைக்கிளிலோ ஓட்டோவிலோ கட்டிக்கொண்டு போய் வரிசையில் நிற்க வேண்டும். இலத்திரனியல் தராசு என்றால் வழிக் குலுக்கலில் அதுவே குழம்பிப் போகும். ஒரு சங்கம் செயலகத்தோடு கதைத்து, சந்தைக் கட்டடத்திலேயே மேசை போட்டு அந்த வேலையை முடிக்க ஒழுங்கு செய்தது. முதல்நாளே செயலாளர் ஒவ்வொரு கடையாகப் போய், யாரிடம் எத்தனை தராசு, என்ன வகை என்று பட்டியல் எடுத்துவிட்டார். மீன் சந்தைக்காரர் விடியப்புறமே முடித்துவிட்டு வியாபாரத்துக்குப் போய்விட்டார்கள். மரக்கறிக்காரர் அதற்குப் பிறகு. பத்திரிகையில் வருகிற சாதனை இல்லை இது. அந்த ஊரில் முத்திரையில்லாத தராசு என்று வழக்குக்குப் போனவர் அந்த வருடம் யாருமில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். வாங்கப் போன சனத்துக்கும் நிறை சரியாகக் கிடைத்தது. வியாபாரிக்கும் ஊருக்கும் ஒரே வேலையில் பலன் கிடைப்பது இப்படித்தான்.

இன்னொரு இடம் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், நடக்கும். அரசியல்வாதிகள், திணைக்களத் தலைவர்கள் எல்லாரும் இருப்பார்கள். பேருந்து நிலையத்தை எங்கே மாற்றுவது, வீதி அகலிப்பில் எத்தனை கடையின் முகப்பு உடைபடும், சந்தைக் கழிவை எங்கே கொட்டுவது என்பதெல்லாம் அங்கேதான் பேசப்படும். தனி வியாபாரி ஒருவர் எழும்பிப் பேசினால் "எழுத்தில் தாருங்கள்" என்பார்கள். சங்கம் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து, நிகழ்ச்சி நிரலில் ஏற்றுவித்து, அடுத்த கூட்டத்தில் "போனமுறை சொன்னது என்ன ஆச்சு" என்று கேட்கலாம். கேட்கிறதா என்பதுதான் சங்கத்துக்குச் சங்கம் வித்தியாசம்.

இனி கடன் விஷயம். வன்னியில் இது மற்ற இடங்களை விடக் கனதியானது, அதனால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 90-களில் பொருளாதாரத் தடைக்குள் வியாபாரம் செய்த ஊர் இது. எரிபொருள், சீமெந்து, பற்றரி என்று பட்டியல் போட்டுத் தடுத்த காலம். 2002-இல் போர்நிறுத்த உடன்படிக்கையோடு ஏ-9 வீதி திறந்து, ஓமந்தைச் சோதனைச் சாவடி வழியாக லொறிகள் வந்தபோது கிளிநொச்சியும் புதுக்குடியிருப்பும் எப்படி நிமிர்ந்தன என்பது அந்தக் காலத்துக் கடைக்காரர் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2006 ஓகஸ்ட்டில் பாதை மூடியது. 2009-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி, செட்டிகுளம் மெனிக்பாம் முகாமிலிருந்து திரும்பி வந்தவர்களிடம் காணி உறுதி இல்லை, வங்கிப் புத்தகம் இல்லை, எவரிடம் எவ்வளவு வரவேண்டும் என்ற கொப்பியும் இல்லை. தகரக் கொட்டிலுக்குள் கடை போட்டார்கள். அதேநேரம் பாதை திறந்ததும் வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் வரிசையாக வந்து இறங்கின. கையில் முதல் இல்லை, கடன் மட்டும் தாராளம். வீழ்ந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள்.

இந்தச் சூழலில் மொத்த வியாபாரம் ஓடுவது பின்திகதியிட்ட செக்கில்தான். யாழ்ப்பாணத்து, வவுனியா, கொழும்பு மொத்த வியாபாரி சாமான் இறக்கிவிட்டு, ஒரு மாதமோ நாற்பத்தைந்து நாளோ தள்ளித் திகதி போட்ட செக்கை வாங்கிக்கொண்டு போவார். மழை பிந்தினால், நெல் விலை விழுந்தால், மீன்பிடி நின்றால் அந்தத் திகதியில் கணக்கில் காசு இருக்காது. செக் திரும்பும். கணக்கில் காசில்லை என்று தெரிந்தே கொடுத்த செக் திரும்பினால் அது சட்டப்படி குற்றம். பொலிஸ் முறைப்பாடு, நீதிமன்றம் என்று போனால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் வியாபாரம் முடிந்தது.

அந்த இடத்தில்தான் ஒரு நல்ல சங்கத்தின் அறை பெறுமதி பெறுகிறது. நான் இருந்து பார்த்த ஒரு பேச்சு இப்படி நடந்தது. மொத்த வியாபாரி செக்கைக் கொப்பியோடு கொண்டுவந்து மேசையில் வைத்தார். கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். தலைவர், வயதான ஹாட்வெயார் முதலாளி, முதலில் கேட்ட கேள்வி: "தம்பி, கடையில இப்ப எவ்வளவு சாமான் நிக்குது?" கடைக்காரர் சொன்னார். அதில் விற்காமல் நிற்கும் பெட்டிகளைத் திருப்பி எடுக்க மொத்த வியாபாரி சம்மதித்தார். மிச்சத்தை நான்கு தவணையாகப் பிரித்தார்கள். புதிய சாமான் காசுக்கு மட்டும். இரண்டு பேரும் கையெழுத்து வைக்க, செயலாளர் சாட்சி. ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. சின்னத் தொகைப் பிணக்குகளுக்கு அரசின் இணக்க சபை இருக்கிறது, அதுவும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் சரக்கைப் பற்றித் தெரிந்தவர்கள் நடுவில் இருந்தால் பேச்சு வேறு மாதிரிப் போகும். பிஸ்கட் பெட்டியைத் திருப்பி எடுக்கலாம், உடைத்த சீமெந்தை எடுக்க முடியாது என்பதை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வங்கிக் கடன் பக்கத்திலும் சங்கங்களின் குரல் தேவைப்படுகிறது. 1990-ஆம் ஆண்டின் கடன் அறவீட்டுச் சட்டம் ஒன்று, பராட்டே என்று எல்லாரும் சொல்வது, அடகு வைத்த சொத்தை நீதிமன்றம் போகாமலேயே ஏலத்தில் விற்க வங்கிக்கு இடம் கொடுக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நாடு முழுவதும் சிறு, நடுத்தர முயற்சியாளர்களின் அமைப்புகள் இதற்கு எதிராகக் குரல் கொடுத்து, 2024-இல் அந்த அதிகாரம் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது. தனித்தனியாக வங்கி முகாமையாளரிடம் கெஞ்சியவர்களால் அது நடந்திருக்காது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: சங்கம் கடன் எடுத்துத் தராது. "இவர் எங்கள் உறுப்பினர், இத்தனை வருடமாக இந்த இடத்தில் கடை நடத்துகிறார்" என்று ஒரு கடிதம் தரும். உறுதி இல்லாத காணியில் கடை வைத்திருப்பவருக்கு அந்தக் கடிதம் சும்மா இல்லை. யார் கடனை ஒழுங்காகக் கட்டினார் என்ற விபரத்தை வைத்திருக்கும் கடன் தகவல் பணியகத்தில் உங்கள் பெயர் பழுதாகியிருந்தால் அந்தக் கடிதமும் உதவாது.

2016 செப்ரெம்பர் 16 இரவு கிளிநொச்சிப் பொதுச் சந்தை எரிந்தது நினைவிருக்கும். புடைவைக் கடைகள், பழக்கடைகள் என்று வரிசையாகப் போயின. மீள்குடியேறி, மெல்ல மெல்லச் சேர்த்த முதல். அன்றைக்குக் கிளிநொச்சி மாவட்டத்தில் தீயணைப்பு வண்டி இருக்கவில்லை. 60 கிலோமீற்றருக்கும் மேல் தள்ளியிருக்கிற யாழ்ப்பாணத்திலிருந்து வர வேண்டியிருந்தது. இப்படியான நேரத்தில் சங்கத்துக்கு வருகிற வேலை ஒன்றன் பின் ஒன்றாக வரும். முதலில் கணக்கு. எந்தக் கடை, யாருடையது, குத்தகை யார் பெயரில், உள்ளே என்ன சரக்கு, என்ன பெறுமதி? எரிந்த கடைக்குள் பில் புத்தகமும் எரிந்துதான் இருக்கும். குத்தகை ஒருவர் பெயரிலும் வியாபாரம் இன்னொருவர் கையிலும் இருக்கிற கடைகள் எந்தச் சந்தையிலும் உண்டு. நட்டஈடு யாருக்கு என்று அங்கே சிக்கும். சங்கத்தில் ஒழுங்கான உறுப்பினர் பதிவேடு இருந்தால் அதுவே பாதி ஆதாரம். பிறகு மொத்த வியாபாரிகளோடு பேச்சு: சரக்கு எரிந்தாலும் செக்கின் திகதி எரியாது, அதற்குத் தவணை வாங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தற்காலிகக் கடை, அமைச்சருக்கு மனு, தீயணைப்பு நிலையக் கோரிக்கை எல்லாம்.

இதை வைத்து என் கணக்குக் கடைக்காரரிடம் நான் எப்போதும் கேட்பது இரண்டு. ஒன்று, கடைச் சரக்குக்குக் காப்புறுதி. தனியாகக் கேட்டால் கட்டணம் கூடவாகத் தெரியும். சந்தை முழுவதும் சேர்ந்து கேட்டால் கம்பனிக்காரர் இறங்கி வருவார்கள், அதைப் பேச வேண்டியது சங்கம். இரண்டாவது, சரக்குக் கணக்கின் பிரதி ஒன்று கடைக்கு வெளியே இருக்கட்டும். கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்தாலும் போதும். எத்தனை தரம் சொன்னாலும் செய்யாதவர்கள் செய்வதில்லை, அது வேறு கதை.

ஊருக்கு என்ன பிரயோசனம் என்று கேட்டீர்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடுக் குளத்தின் கீழ்ப்பக்கமும் முல்லைத்தீவின் கிராமங்களும் மூழ்கியதுபோல ஒரு நிலைமையை எடுத்துப் பாருங்கள். பாடசாலைகளில் சனம் தங்கியிருக்கும்போது முதல் இரண்டு நாளைக்குத் தேவைப்படுவது அரிசி, பருப்பு, பால்மா, பாய், சவர்க்காரம். அரசாங்கத்தின் உலருணவுக்கு ஒரு நடைமுறை உண்டு, அதற்கு நேரம் எடுக்கும். சாமான் ஏற்கெனவே ஊர்க் கடைகளில்தான் இருக்கிறது. சங்கம் பொறுப்பெடுத்தால் பிரதேச செயலகம் கடிதத்தில் கேட்டதும் சாமான் போய்விடும், பில் பிறகு தீரும். பதுக்கி விலை ஏற்றுகிற ஒன்றிரண்டு பேரைச் சக வியாபாரிகளே கூப்பிட்டுக் கண்டிப்பதும் அந்த நேரத்தில்தான் நடக்கும். அதிகார சபை அங்கே வந்து சேருவதற்குள் வெள்ளம் வடிந்துவிடும்.

மற்றவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். உறுப்பினர் வீட்டில் மரணம் என்றால் சகாய நிதி, வறிய பிள்ளைகளுக்குக் கொப்பி புத்தகம், சந்திக்குத் தெருவிளக்கு, கமரா. இவற்றைத்தான் சங்கங்கள் படம் எடுத்துப் போடும். தப்பில்லை. ஆனால் ஊருக்கு நிலைத்து நிற்கும் உதவி வேலைதான் என்பது என் எண்ணம். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 முதல் இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. வவுனியா வளாகம் 2021-இல் தனிப் பல்கலைக்கழகமானது, அங்கே வியாபாரக் கற்கைகளுக்கு ஒரு பீடமே உண்டு. அங்கே படிக்கிற பிள்ளைகள் பயிற்சிக்கு இடம் தேடிக் கொழும்புக்கு ஓடுகிறார்கள். இங்கே கராஜ் முதலாளி நல்ல ஆள் கிடைக்கவில்லை என்கிறார், கடைக்காரர் கணக்குப் பார்க்க ஆளில்லை என்கிறார். இரண்டு பக்கத்தையும் ஒரு மேசையில் இருத்துவதற்குச் சங்கத்தை விடப் பொருத்தமான ஆள் இல்லை. செய்கிற சங்கங்கள் குறைவு.

ஹர்த்தால் பற்றியும் கேட்டிருந்தீர்கள், அதைத் தாண்டிப் போகக் கூடாது. 2017-இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரம் அமர்ந்தார்கள், கேப்பாப்புலவில் இராணுவம் பிடித்து வைத்திருந்த காணியைக் கேட்டுச் சனம் போராட்டத்தில் இருந்தது. அந்த வருடம் ஏப்ரல் 27, அவர்களுக்கு ஆதரவாக வடக்குக் கிழக்கு முழுவதும் கடை பூட்டிய நாள். அந்தத் தாய்மார் நம் கடைகளில் கடன் கொப்பியில் எழுதி அரிசி வாங்குகிறவர்கள். அவர்களுக்காக ஒருநாள் பூட்டுவதை நட்டக் கணக்கில் எழுத எனக்கு மனம் வராது. அதேநேரம், எவரோ கட்சி அலுவலகத்தில் இருந்து தொலைபேசியில் சொன்னதற்காகக் கூட்டமே வைக்காமல் "நாளை பூட்டு" என்று அறிவிக்கிற சங்கத்தில், அன்றாடம் விற்று அன்றாடம் சாப்பிடுகிற மரக்கறிக்காரி கேட்கப்படுவதில்லை. பூட்டுவதா இல்லையா என்பதைச் செயற்குழுவில் வாக்கெடுத்துத் தீர்மானிக்கிறார்களா என்று விசாரியுங்கள். சங்கத்தின் குணம் அதில் தெரிந்துவிடும்.

இனிக் குறைகளும். சங்கம் என்பது பெரிய முதலாளிமார் நாலு பேரின் கையில் போய்விடுவது சுலபம். அவர்களுக்குத்தான் கூட்டத்துக்கு வர நேரம் இருக்கும், கடையில் ஆள் இருக்கும். பிறகு சந்தைக் கடைக் கேள்விமனு, பிரதேச சபை வாடகை எல்லாவற்றிலும் அவர்களின் நலனே சங்கத்தின் நிலைப்பாடாக வெளிவரும். வீட்டில் மிளகாய்த்தூள் இடித்து விற்கிற பெண், தையல் கடைக்காரி, பனையோலைப் பொருள் செய்கிறவர்கள், நந்திக்கடல் ஓரத்தில் இறால் வாங்கி விற்கிறவர்கள் உறுப்பினர் பட்டியலில் இருக்க மாட்டார்கள். போருக்குப் பிறகு பெண் தலைமைக் குடும்பங்கள் இவ்வளவு இருக்கிற நிலத்தில், செயற்குழுவில் ஒரு பெண்கூட இல்லாத சங்கம் பாதி ஊரைத்தான் பிரதிநிதித்துவம் செய்கிறது.

வெளியாட்களை மறிப்பது இன்னொரு பிரச்சினை. பட்டா என்கிற சின்ன லொறியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து பிளாஸ்ரிக் சாமானும் உடுப்பும் விற்கிறவர்களை நிறுத்தச் சொல்லி மனு கொடுப்பது வடக்கு முழுவதும் வர்த்தகர் சங்கங்களின் வழக்கம். வற்றாப்பளைப் பொங்கலுக்கும் மடு ஓகஸ்ட் திருவிழாவுக்கும் தற்காலிகக் கடை போடும்போதும் இதே சண்டை. கடைக்காரரின் ஆத்திரம் எனக்கு விளங்குகிறது. அவர் வாடகையும் உரிமமும் மின்சாரமும் கட்டுகிறார், லொறிக்காரர் எதுவும் கட்டுவதில்லை. ஆனால் உட்கிராமத்தில் பேருந்துக்குக் காத்திருந்து பட்டணம் வர வேண்டிய அம்மாவுக்கு அந்த வாகனம் வாசலுக்கே வருகிறது. அடியோடு மறிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். அவர்களுக்கும் கட்டணம், குறித்த நாள், குறித்த இடம், முத்திரையிட்ட தராசு என்று பிரதேச சபையிடம் கேட்டு வாங்கினால் போதும். அதேபோல எல்லாக் கடைக்காரரும் கூடி ஒரே விலை வைப்போம் என்று தீர்மானம் போடுகிற சங்கமும் உண்டு. அந்தத் தீர்மானத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். சனத்தின் வயிற்றில் அடிக்கிற வேலை, சட்டச் சிக்கலும் வரும்.

பெரிய விஷயங்களில் ஒன்றுபடாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு விளைபொருள் மொத்தச் சந்தையாகத் திட்டமிட்ட வவுனியாப் பொருளாதார மத்திய நிலையம் போதும். 2016-இல் அதை ஓமந்தையில் கட்டுவதா தாண்டிக்குளத்தில் கட்டுவதா என்று அரசியல்வாதிகள் இழுபட்டார்கள். விவசாயிகள் ஒரு பக்கம், வியாபாரிகள் ஒரு பக்கம், கட்சிகள் நடுவில். கடைசியில் இரண்டு இடத்திலும் இல்லாமல் வேறோரிடத்தில் கட்டடம் எழும்பி, கடைகள் திறக்காமல் வருடக்கணக்காகக் கிடந்தது. எங்கள் மரக்கறி வழக்கம்போலத் தம்புள்ளை மொத்தச் சந்தைக்குப் போய்த் திரும்பி வந்தது. நெல்லும் அதே கதைதான். வன்னி வயலில் ஈரத்தோடு மூடையாகி லொறி ஏறுகிற நெல், தெற்கு ஆலைகளில் குத்தி, பெயர் அச்சடித்த பையில் அரிசியாக நம் கடைக்கே வருகிறது. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120, சம்பாவுக்கு 125, கீரிச்சம்பாவுக்கு 132 ரூபா என்று விலை அறிவித்தது. விலை அறிவித்தால் மட்டும் போதாது. உலர்த்தும் தளமும் களஞ்சியமும் ஆலையும் இங்கே இல்லாவிட்டால் விவசாயி வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போவார். விவசாயியின் கையில் காசில்லை என்றால் உங்கள் கொப்பிக் கடன் ஏறும். கமக்காரர் அமைப்பும் வர்த்தகர் சங்கமும் சேர்ந்து கேட்க வேண்டிய விஷயம் இது. இரண்டும் ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு தனித்தனியே மனுக் கொடுக்கின்றன.

சேர்ந்து செய்தால் நடக்கும் என்பதற்கும் இங்கேயே உதாரணம் இருக்கிறது. வவுனியா வடக்கில் பப்பாசிச் செய்கையாளர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து, சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் திட்டமொன்றின் உதவியோடு, ரெட் லேடி இனப் பப்பாசியை ஏற்றுமதியாளருக்கு நேரடியாகக் கொடுத்தார்கள். தரம் பிரிப்பது, விலையை முன்கூட்டி எழுத்தில் பேசுவது, போக்குவரத்து எல்லாம் ஒரே அமைப்பின் கையில் இருந்தது. அது கூட்டுறவுச் சங்கம், வர்த்தகர் சங்கம் இல்லைதான். ஆனால் வாங்குகிறவரோடு தனி ஆளாகப் பேசாமல் அமைப்பாகப் பேசுவது என்ற வேலை ஒன்றுதான். 2010 முதல் வருடத் தொடக்கத்தில் நடந்துவரும் யாழ்ப்பாணச் சர்வதேச வர்த்தகக் கண்காட்சிக்கு உங்கள் மாவட்டச் சிறு உற்பத்தியாளர்கள் சேர்ந்து ஒரு கூடம் எடுத்தால் செலவு பங்கு பிரியும். அதையும் சங்கத்திடம் கேட்டுப் பாருங்கள்.

சரி, உங்கள் படிவத்துக்கு வருவோம். கையெழுத்து வைக்க முன்னர் யாப்பின் பிரதி ஒன்று கேளுங்கள். வருடாந்தப் பொதுக்கூட்டம் கடைசியாக எப்போது நடந்தது, நிர்வாகம் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறது, வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்தா, கணக்காய்வு அறிக்கை உண்டா என்று விசாரியுங்கள். இவற்றைக் கேட்டதும் செயலாளர் கோபிக்கிறார் என்றால் அதுவே பதில். சங்கம் எங்கே பதியப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம். பிரதேச செயலகத்திலோ, கம்பனிச் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுத்த கம்பனியாகவோ பதிந்திருந்தால் அதன் கடிதத்துக்கு அலுவலகங்களில் மதிப்பு உண்டு. பதிவே இல்லாத சங்கத்தின் கடிதத்தைக் கோப்பில் போட மாட்டார்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் சேர்ந்துவிடுங்கள். சேர்ந்துவிட்டுக் கடைக்குள் இருந்தால் ஒன்றும் வராது. முதல் வருடம் தராசு முத்திரை, உரிமக் கட்டணம், சந்தை வாய்க்கால் போல ஒரு சின்ன விஷயத்தைக் கையில் எடுத்து எழுத்தில் கொடுங்கள். கூட்டத்துக்குப் போக ஆளில்லை என்றால் வீட்டில் இருந்து மனைவியை அனுப்புங்கள். கடை நடத்துவதில் பாதி அவர்தானே, பெயரையும் சேர்த்தே பதியுங்கள். சந்தா கட்டியதற்குப் பற்றுச்சீட்டு வாங்கி வையுங்கள். அதைக் கடைச் செலவுக் கணக்கில் எழுதலாம்.